இன்று காலை சாப்பிட்டதற்குக் "கோமி"யா, "ஏ கோமிதோ"வா?

மெக்சிகோ_மணி:
"இன்று காலை சாப்பிட்டேன் என்பதற்கு ஸ்பானிஷில் ஏ கோமிதோ என்றுதான் சொல்ல வேண்டும், கோமி என்றால் தப்பு" என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. கோமேர், அதாவது சாப்பிடு, ஒழுங்கான வினை. கோமி, கோமிஸ்தே, கோமியோ, கோமிமோஸ், கோமியெரோன், அவ்வளவுதான் இறந்தகாலம். இங்கே மதியம் யாரைப் பார்த்தாலும் "யா கோமிஸ்தே?", சாப்பிட்டாச்சா, என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஸ்பானிஷ் தெரியாதா?

மாட்ரிட்_மாமா:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். இன்று, இந்த வாரம், இந்த வருடம் என்று பொழுது இன்னும் முடியவில்லை என்றால் ஏ கோமிதோ. நேற்று, போன வாரம், 1992இல் என்றால் கோமி. இங்கே "ஆஸ் கோமிதோ?" என்றுதான் கேட்கிறார்கள். அப்புறம், உங்கள் பட்டியலில் வோசோத்ரோஸுக்கு, அதாவது இங்கே பலரைப் பார்த்துச் சொல்லும் "நீங்கள்" என்பதற்கு, உரிய கோமிஸ்தெய்ஸ் எங்கே? ஆறில் ஒன்றை விழுங்கிவிட்டு ஊருக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள்.

மெக்சிகோ_மணி:
லத்தீன் அமெரிக்காவில் வோசோத்ரோஸ் பேச்சிலேயே கிடையாது, அதற்குப் பதில் உஸ்தேதெஸ்தான், அதோடு கோமியெரோன் போதும். பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், மறந்துவிட வேண்டாம்.

புதுசு22:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கோமிக்கும் கோமீயாவுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் "சாப்பிட்டேன்" தானே?

மாட்ரிட்_மாமா:
அது வேறு கதை தம்பி, அப்புறம் பார்க்கலாம். முதலில் இவர் பதில் சொல்லட்டும். எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்று காலை என்றால் ஏ கோமிதோ. ஸ்பெயினில் எந்தப் பிள்ளையும் சொல்லும்.

வடமேற்குக்_காற்று:
எந்தப் பிள்ளையுமா? நான் இருப்பது ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில். இங்கேயும், அஸ்தூரியாஸிலும், கனாரித் தீவுகளிலும் இன்று காலைக்குக்கூட கோமிதான் அதிகம். கலீசிய மொழியில் ஏ கோமிதோ போன்ற கூட்டு வடிவமே இல்லை, அந்தப் பழக்கம் இவர்கள் பேசும் ஸ்பானிஷிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்ரிட்டைத் தாண்டினால் ஸ்பெயின் முடிந்துவிடுகிறதா சார்?

மாட்ரிட்_மாமா:
வட்டார வழக்கை யார் இல்லை என்றது? நான் சொல்வது தரம். டெலே என்கிற ஸ்பானிஷ் தகுதித் தேர்வில் போய் இன்று காலைக்குக் கோமி என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

மெக்சிகோ_மணி:
எழுதியவன்தான் சொல்கிறேன், ஒன்றும் ஆகவில்லை! எந்த நாட்டு வழக்கையும் ஏற்கிறார்கள், நடுவில் மாற்றாமல் ஒரே சீராக எழுதினால் போதும். 1713இல் தொடங்கிய, ஸ்பானிஷ் மொழிக்கான உங்கள் அரச கழகமே 2009 இலக்கணத்தில் இரு பக்க வழக்கையும் பதிவு செய்திருக்கிறது. நீங்கள் இன்னும் பழைய வகுப்பு நோட்டை விடவில்லை.

மாட்ரிட்_மாமா:
நோட்டைப் பற்றி நீங்கள் பேசலாமா? போன வருடம் "கோமிஸ்தேஸ்" என்று கடைசியில் ஒரு ஸ் சேர்த்து எழுதியது யார்? நான் திருத்தினேன், அன்றிலிருந்துதான் இந்தக் காய்ச்சல். எதுவானாலும் இந்தெஃபினிதோ, அதாவது கோமி வடிவம், என்பது முடிந்துபோன காலத்துக்கு. இன்றைய பொழுது முடியவில்லை. ஆகவே ஏ கோமிதோ.

மெக்சிகோ_மணி:
அதை எழுதியது நான் இல்லை, நான் மேற்கோள் காட்டியவர். அன்றும் சொன்னேன், காதில் ஏறவில்லை. அது கிடக்கட்டும், இந்தெஃபினிதோ என்பதே பழைய பாடப்புத்தகப் பெயர். இலக்கண அறிஞர் ஆந்த்ரேஸ் பெல்யோ 1847லேயே அதற்கு வெறும் பிரெதேரிதோ, இறந்தகாலம், என்று பெயர் வைத்துவிட்டார்.

வடமேற்குக்_காற்று:
பெயரில் என்ன இருக்கிறது? பொலிவியாவிலும் வடமேற்கு அர்ஜென்டினாவிலும் நேற்றைக்கே ஏ கோமிதோ சொல்கிறார்கள். மாமா கணக்கில் அவர்களுக்கு நேற்று இன்னும் முடியவில்லை போலும்.

மாட்ரிட்_மாமா:
கிண்டல் செய்தால் இலக்கணம் மாறிவிடாது. இன்று காலை: ஏ கோமிதோ. எத்தனை முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பெல்யோவும் ஏ கோமிதோவுக்கு அந்தேபிரெசெந்தே என்றுதான் பெயர் வைத்தார், பிரெசெந்தே என்றால் நிகழ்காலம், அதோடு ஒட்டியது என்று பெயரிலேயே இருக்கிறது. அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து பெல்யோ பெல்யோ என்கிறார்கள்.

மெக்சிகோ_மணி:
சரி, அரைகுறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவிலும் ஏ கோமிதோ உண்டு, "இங்கே பலமுறை சாப்பிட்டிருக்கிறேன்" என்கிற மாதிரி இடத்தில். இன்று காலைக்கு இல்லை. இதில் எந்த எழுத்து உங்களுக்குப் புரியவில்லை?

மாட்ரிட்_மாமா:
கோமிஸ்தேஸில் இருந்த அந்த ஸ்.