உள்நுழைந்தால் 17 நொடி கறுப்புத் திரை, எல்லாமே மூன்று முறை தொடங்குகிறது. எந்தக் கோப்பை வைத்துக்கொள்ளலாம், எதை நீக்கலாம்?

கறுப்புத்திரை:
வணக்கம். சுபுண்டு 24.04 (உபுண்டு வகை லினக்ஸ்), மேசைத்திரைக்கு எக்ஸ்எஃப்சிஇ, உள்நுழைவுத் திரைக்கு லைட்டிஎம். முன்பு டெபியன் என்ற லினக்ஸ் வைத்திருந்தேன்; மாறும்போது என் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் பழைய ஹோம் அடைவை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். கடவுச்சொல் கொடுத்தபின் மேசைத்திரை வர 17 நொடி ஆகிறது. மேசைத்திரையில் கணினி நிலவரம் காட்டும் கான்கி மூன்று ஓடுகிறது. மாலையானால், திரை நிறத்தைச் சிவப்பாக்கும் ரெட்ஷிஃப்ட் திரையைப் படபடக்க வைக்கிறது. பாத்தில் (நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) என் நிரல்கள் இருக்கும் 'பின்' அடைவு மூன்று முறை இருக்கிறது.

கான்கியையும் ரெட்ஷிஃப்டையும் தொடங்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். அதன் முதல் வரி ஸ்லீப் 8 (8 நொடி காத்திரு), வால்பேப்பர் வந்த பிறகு கான்கி வரட்டும் என்பதற்காக. அதை ஹோம் அடைவில் இருக்கும் .எக்ஸ்புரொஃபைல், .எக்ஸ்செஷன்ஆர்சி என்ற தொடக்கக் கோப்புகள் இரண்டும் கூப்பிடுகின்றன. மேசைத்திரையோடு தானாகத் தொடங்குபவை இருக்கும் ஆட்டோஸ்டார்ட் அடைவிலும் அதற்கு ஒரு பதிவு இருக்கிறது. எதை எப்போது சேர்த்தேன் என்றே நினைவில்லை. கை வைக்கப் பயமாக இருக்கிறது.

இரவுக்காவல்:
ஸ்கிரிப்டில் ஒவ்வொரு நிரலுக்கு முன்னாலும் பிகிரெப் (ஒரு நிரல் ஓடுகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டு, ஏற்கெனவே ஓடினால் விட்டுவிடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய டெபியன்வாசி:
அப்படிச் செய்தால் கான்கி ஒன்றாகும், 17 நொடி குறையாது. கணக்கைப் பாருங்கள்: 8 + 8 = 16. .எக்ஸ்புரொஃபைலும் .எக்ஸ்செஷன்ஆர்சியும் அமர்வு தொடங்கும் முன்பே வரிவரியாகப் படிக்கப்படுபவை. அதில் ஒரு வரி முடியாமல் அடுத்த வரிக்குப் போகாது. ஸ்கிரிப்டைக் கூப்பிடும் வரியின் கடைசியில் & (முடியும்வரை காத்திராமல் பின்னணியில் ஓட்டச் சொல்லும் குறி) இல்லை, சரிதானே? அப்படியானால் இரண்டு இடத்திலும் எட்டெட்டு நொடி உங்கள் மேசைத்திரை வாசலில் நிற்கிறது. ஆட்டோஸ்டார்ட் பதிவு மட்டும்தான் யாரையும் காக்க வைப்பதில்லை.

முதலில் ஊகத்தை விடுங்கள். .புரொஃபைல் (இதுவும் உள்நுழையும்போது படிக்கப்படும் கோப்பு), .எக்ஸ்புரொஃபைல், .எக்ஸ்செஷன்ஆர்சி மூன்றின் தலையிலும், தன் பெயரையும் நேரத்தையும் டெம்ப் அடைவில் ஒரு கோப்பில் எழுதும் எக்கோ வரி ஒன்று சேருங்கள். வெளியேறி, திரும்ப உள்நுழைந்து, அந்தக் கோப்பை இங்கே போடுங்கள்.

கறுப்புத்திரை:
ஆமாம், & இல்லை! கோப்பில் வந்த வரிசை: .புரொஃபைல், .எக்ஸ்புரொஃபைல், 8 நொடி கழித்து .எக்ஸ்செஷன்ஆர்சி, உடனே மறுபடியும் .புரொஃபைல். அது ஏன் இரண்டு முறை?

பழைய டெபியன்வாசி:
.எக்ஸ்செஷன்ஆர்சிக்குள் .புரொஃபைலைப் படிக்கும் வரி ஒன்று இருக்கும். டெபியனில் லைட்டிஎம் .புரொஃபைலைத் தானாகப் படிக்காது, அதனால் பலரும் இந்தக் குறுக்குவழியைப் போடுவார்கள், நானும் போட்டவன்தான். உபுண்டு வகையில் லைட்டிஎம்மே .புரொஃபைலையும் .எக்ஸ்புரொஃபைலையும் படித்துவிடுகிறது. அங்கே மருந்தாக இருந்தது இங்கே நோயாகிவிட்டது.

என் யோசனை இது. .புரொஃபைலில் பாத், மற்ற சூழல் மாறிகள் மட்டும் இருக்கட்டும். நிரல் எதையும் அங்கிருந்து தொடங்க வேண்டாம். எஸ்எஸ்எச்-ஏஜென்ட் (எஸ்எஸ்எச் சாவிகளை நினைவில் வைக்கும் நிரல்) வரி இருந்தால் அதையும் எடுங்கள், இல்லாவிட்டால் படிக்கும் ஒவ்வொரு முறையும் புது ஏஜென்ட் ஒன்று முளைக்கும். .எக்ஸ்புரொஃபைல், .எக்ஸ்செஷன்ஆர்சி இரண்டையும் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். ஸ்கிரிப்டே தேவையில்லை. அமைப்புகளில் உள்ள 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்'பில் கான்கிக்கு ஒரு பதிவு, ரெட்ஷிஃப்டுக்கு ஒரு பதிவு போடுங்கள். கான்கிக்கு -பி 8 என்று கொடுத்தால் அதுவே 8 நொடி பொறுத்துத் தொடங்கும்.

ரெட்ஷிஃப்டின் சின்ன வடிவமான ரெட்ஷிஃப்ட்-ஜிடிகே தன் பட்டியலில் ஆட்டோஸ்டார்ட் டிக் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதுவே போதும், நீங்கள் தனியாகப் பதிவு போட வேண்டாம். ஏதாவது சொதப்பினால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி, எழுத்துத் திரையில் உள்நுழைந்து பெயர்களைப் பழையபடி மாற்றிவிடலாம்.

கறுப்புத்திரை:
செய்தாயிற்று. மேசைத்திரை இரண்டு நொடிக்குள் வந்துவிட்டது! ரெட்ஷிஃப்ட் டிக் நீங்கள் சொன்னபடியே இருந்தது, நேற்று மாலை படபடப்பு இல்லை. கான்கி ஒன்றுதான். ஆனால் டெர்மினலில் பாத் பார்த்தால் பின் அடைவு இன்னும் இரண்டு முறை வருகிறது.

இரவுக்காவல்:
டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் .பாஷ்ஆர்சியையும் ஒருமுறை திறந்து பாருங்களேன். (என் பிகிரெப் வரிகளையும் இன்றைக்கு எடுத்துவிட்டேன்.)

கறுப்புத்திரை:
அங்கேயும் அதே வரி, நான் எழுதியதுதான். நீக்கிவிட்டேன், இப்போது ஒன்று. இருவருக்கும் நன்றி அண்ணா. தலைப்பில் 'தீர்ந்தது' போட்டுவிடுகிறேன்.