ஸ்காபா ஃப்ளோ: எந்தக் கப்பலை எந்த நாளில் பார்ப்பது, லண்டனுக்கு எப்படித் திரும்புவது?

முத்துக்குளி:

வணக்கம். செப்டம்பரில் ஒரு வாரம் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளுக்கு டைவிங் போகிறேன். சனிக்கிழமை ஸ்ட்ரோம்னஸில் படகு ஏறி, அடுத்த சனிக்கிழமை காலை இறங்குகிற வழக்கமான ஏற்பாடுதான். அட்வான்ஸ்டு நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) பயிற்சி முடித்திருக்கிறேன், ட்ரைசூட் (உடம்பு நனையாத உடை) பழக்கம் உண்டு, 40 மீட்டர் வரை இறங்கலாம். ஆனால் இதுவரை பார்த்ததெல்லாம் இங்கிலாந்தின் தென்கரையில் மூழ்கிய சரக்குக் கப்பல்கள். போர்க்கப்பல் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அங்கே ஸ்காபா ஃப்ளோ என்ற விரிகுடாவின் அடியில் 1919-லிருந்து கிடக்கும் ஏழு ஜெர்மன் போர்க்கப்பல்களையும் எந்த வரிசையில் பார்த்தால் நல்லது? அப்புறம், வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைசி டைவ் முடித்துவிட்டு, சனிக்கிழமை காலை கிர்க்வாலிலிருந்து எடின்பரோவுக்கு விமானம் ஏறலாமா? சின்ன விமானம், ஒரு மணி நேரப் பயணம்தான். ஞாயிறு இரவு எனக்கு ஷிஃப்ட் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைவரிசை:

தாராளமாக ஏறலாம் ப்ரோ. அந்த விமானங்கள் உயரப் பறக்காது. என் டீமில் இரண்டு பேர் அப்படித்தான் வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை.

வடகடல்_அக்கா:

தம்பி, மேலே உள்ள பதிலை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விமானம் சின்னதா பெரியதா என்பதில் ஒன்றுமில்லை. கேபினுக்குள் காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கணக்கு, குறுகிய பயணத்திலும் அது குறையத்தான் செய்யும். குறைந்தால் டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாகலாம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். டிகம்ப்ரஷன் ஸ்டாப் வைத்து (மேலே வரும் வழியில் நின்று நின்று) ஏறியவர்களுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல் வேண்டும். ஸ்காபாவில் ஒரு வாரம் இருந்தால் பெரும்பாலும் அப்படிப்பட்ட டிகோ டைவ்தான் வரும். நான் 24 மணிக்குக் குறைய விடுவதே இல்லை.

அதனால் ஊர் திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், அதிலிருந்து பின்னோக்கி டைவ்களை அடுக்குங்கள். கடைசி நாளுக்கு ஆழமான கப்பலை வைத்துக்கொண்டு பிறகு கடிகாரத்தைப் பார்த்துத் தவிப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். நீண்ட நாள் ஆசைப்பட்டு வந்தவர்கள் என்பதால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

முதல் நாள் கார்ல்ஸ்ரூஹே. ஏழில் க்ரூஸர் என்ற சிறிய போர்க்கப்பல்கள் நான்கு, அவற்றில் அதுதான் ஆழம் குறைந்தது, தரை 27 மீட்டர் வாக்கில். நீரின் நிறம், குளிர், ஷாட்லைனில் (கப்பலுக்கு இறக்கிய கயிறு) இறங்குவது எல்லாம் அங்கே கைக்கு வந்துவிடும். அடுத்து கோல்ன், ட்ரெஸ்டன், ப்ரும்மர். மூன்றும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. கப்பல் வடிவம் குலையாமல் இருப்பது கோல்னில்தான், அதனால் அதற்கு இரண்டு டைவ் கொடுத்தாலும் தகும். ட்ரெஸ்டனில் மேல்தளம் உடலிலிருந்து உரிந்து விலகி வருவது கண்ணுக்குத் தெரியும்.

செவ்வாய், புதனில் பெரியவை: கோனிக், க்ரோன்ப்ரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப். இவை மூன்றும் தலைகுப்புறக் கிடப்பவை. மேலாக நீந்தினால் அடிப்பாகத்தின் வளைவைத் தவிர ஒன்றும் புரியாது. தரையை ஒட்டி ஓரமாகப் போக வேண்டும். க்ரோன்ப்ரின்ஸில் பின்பக்கம் போய் டார்ச்சை மெதுவாக உள்ளே திருப்புங்கள். கப்பலின் மொத்த எடையும் தலைக்கு மேல் கூரையாக நிற்க, அதன் நிழலுக்குள் 30.5 செ.மீ. பீரங்கிக் குழல் கிடக்கும். நான் முதலில் அதைத் தூண் என்றே நினைத்தேன். டார்ச் வெளிச்சத்தைக் குழல் நெடுகக் கொண்டுபோன பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே துடுப்பை வேகமாக அடிக்காதீர்கள். ஒரு உதை போதும், வண்டல் கிளம்பிப் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாமல் போகும்.

உள்ளே நுழையும் ஆசை வேண்டாம். பழைய இரும்பு வியாபாரி எர்னஸ்ட் காக்ஸ் 1924-லிருந்து இவற்றோடு மூழ்கிய மற்ற கப்பல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். இந்த ஏழும் ஆழத்தால் தப்பித்தன, ஆனால் பின்னால் வந்தவர்கள் செம்புக்கும் பித்தளைக்கும் இயந்திர அறைப் பக்கங்களை வெடிவைத்துக் கிழித்திருக்கிறார்கள். தகடுகள் அங்கே தொங்கிக்கொண்டு நிற்கின்றன. எதையும் எடுக்கவும் கூடாது, இவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

கேஸ் விஷயம்: 32% நைட்ராக்ஸை 1.4 என்ற ஆக்ஸிஜன் அழுத்த வரம்பில் வைத்தால் 33 மீட்டரோடு சரி, கோல்ன், ப்ரும்மர் இரண்டுக்கும் தரை வரை பற்றாது. 28% என்றால் 40 வரை வரும். மார்க்கிராஃபில் தரை 45, அது உங்கள் வரம்பைத் தாண்டுகிறது. தரைக்கு இறங்காமல் பின்பக்கம் சுக்கான்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவே பெரிய காட்சி.

ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டாம். 1939 அக்டோபர் 14 அன்று யு-47 நீர்மூழ்கி அதை மூழ்கடித்தபோது 835 பேர் இறந்தார்கள். அது போர்க் கல்லறை, இறங்கத் தடை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வார நடுவில் இரண்டு டைவுக்கு இடையே படகு ஹோய் தீவின் லைனஸில் நிற்குமா என்று கேப்டனிடம் கேளுங்கள். எல்லோரும் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் கடற்படைக் கல்லறைத் தோட்டம் வரை நடந்து போங்கள். 1919 ஜூன் 21 காலை பிரிட்டிஷ் படை பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் ஜெர்மன் ரியர் அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடிக்கச் சொல்லிக் கொடி காட்டினார், சிறைவைக்கப்பட்டிருந்த 74 கப்பல்களில் 52 மூழ்கின. ஸ்ட்ரோம்னஸ் பள்ளிப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் சுற்றுலாவாக ஃப்ளையிங் கெஸ்ட்ரல் என்ற படகில் வந்து அத்தனையையும் பார்த்தார்கள். போர்நிறுத்தம் வந்து ஏழு மாதம் ஆன பிறகும் அன்று ஒன்பது ஜெர்மன் மாலுமிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் வால்டர் ஷூமான், மார்க்கிராஃபின் கேப்டன். வெள்ளைக்கொடியோடு வந்த படகில் சுடப்பட்டவர். அந்தக் கப்பலைத் தொட்டுவிட்டு வருகிற நாம் அவர் கல்லறைக்கு ஒரு கால் மணி நேரம் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ஒரு டைவ், அதுவும் ஆழம் குறைந்த இடத்தில். எஃப்-2 என்ற சிறிய ஜெர்மன் கப்பல் இருக்கிறது, 18 மீட்டருக்குள். இல்லாவிட்டால் பர்ரா சவுண்ட் நீரிணையில் வேண்டுமென்றே மூழ்கடித்த தடுப்புக் கப்பல்கள். அங்கே நீரோட்டம் கடுமை, ஓய்ந்த நேரம் பார்த்துத்தான் இறக்குவார்கள்.

முத்துக்குளி:

அக்கா, மிக்க நன்றி. விமானத்தை விட்டுவிட்டேன். ஃபெரியில் எதிர்க்கரையின் ஸ்க்ராப்ஸ்டர், தர்ஸோவிலிருந்து ரயிலில் இன்வெர்னஸ், அங்கிருந்து இரவு ஸ்லீப்பரில் லண்டன் என்று போகலாமா? அலைவரிசையின் நண்பர்களுக்கு எதுவும் ஆகாதது எப்படி?

தண்டவாளம்:

நான் டைவர் இல்லை, ரயில் பைத்தியம். சனிக்கிழமை இரவு ஸ்லீப்பர் ஓடாது, அதனால் இன்வெர்னஸில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, இன்வெர்னஸிலிருந்து தெற்கே வரும் பாதை ட்ருமாக்டர் கணவாயில் 452 மீட்டர் ஏறுகிறது. ஏ9 சாலையும் அதே கணவாய்தான். டைவர்களுக்கு அது பிரச்சினையா?

வடகடல்_அக்கா:

நல்ல கேள்வி. 300 மீட்டருக்கு மேலே போனாலே டைவிங்கில் உயரமாக எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை பிற்பகல் கடந்தால் 24 மணி நேரம் கடந்திருக்கும், பயமில்லை. வெள்ளி மாலை ஃபெரியைப் பிடித்து அன்றிரவே காரில் அந்தக் கணவாயைக் கடப்பவர்களை நினைத்தால்தான் பயம்.

தம்பி, எதுவும் ஆகாதவர்கள் எப்போதும் அதிகம்தான், ஆகிறவர் நீங்களாக இருக்கக்கூடாது. உங்களுக்கு நல்ல வழி கிர்க்வாலுக்குப் பக்கத்து ஹாட்ஸ்டன் துறையிலிருந்து அபெர்டீனுக்குப் போகும் இரவுக் கப்பல். சில நாட்கள்தான் உண்டு, உங்கள் வெள்ளிக்கு இருக்கிறதா என்று அட்டவணை பாருங்கள். இரவு முழுக்கக் கடல் மட்டத்திலேயே தூங்கலாம். காலையில் அபெர்டீனில் இறங்கினால் லண்டனுக்கு நேர் ரயில், சுமார் 7 மணி நேரம், பாதையும் பெரும்பாலும் கடலோரமாகவே போகிறது. ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போகலாம்.

சிலிண்டரும் ஈயக்கட்டியும் சுமந்து போகாதீர்கள், படகிலேயே வாடகைக்குத் தருகிறார்களா என்று இப்போதே மெயில் போட்டுவிடுங்கள்.

முத்துக்குளி:

வெள்ளி இரவுக் கப்பல் இருக்கிறது, படுக்கை போட்டுவிட்டேன். லைனஸ் பற்றி கேப்டனுக்கும் எழுதிவிட்டேன், காற்று சரியாக இருந்தால் புதன்கிழமை மதியம் நிறுத்துகிறேன் என்று பதில் வந்திருக்கிறது.