பழைய சைனா பஜார் ரோடு படமும் இன்றைய படமும் பொருந்த மாட்டேன் என்கின்றன

பாரிமுனைவாசி:
வணக்கம். சென்னை சைனா பஜார் ரோட்டின் (இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலை) பழைய அச்சு அஞ்சலட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. இடப்பக்கம் உயர் நீதிமன்றக் கோபுரங்கள், நடுவில் டிராம் தண்டவாளம், வலப்பக்கம் கடைகள். மொபைலில் அதே காட்சியை எடுத்தால் கிட்டத்துக் கட்டடம் பூதாகாரமாகவும் கோபுரம் சுண்டுவிரல் அளவாகவும் விழுகிறது. எங்கே பிசகு? அட்டையின் காலத்தையும் கணிக்க முடியுமா?

கண்ணாடித்தகடு:
லென்ஸை மாற்றிப் பயனில்லை, நிற்கும் இடம்தான் பிசகு. மொபைலின் முதன்மைக் கேமரா அகலமாகப் பார்க்கும். சட்டகத்தை நிரப்ப நாம் முன்னால் போய்விடுகிறோம். அட்டையில் கிட்டத்துக் கட்டடம் ஒன்றின் உயரத்தையும் தூரத்துக் கோபுரத்தின் உயரத்தையும் ஸ்கேலால் அளங்கள். 40 மி.மீ., 20 மி.மீ. என்றால் விகிதம் 2. உங்கள் படத்தில் அது 3 என்று வந்தால் பின்னால் போக வேண்டும், 1.6 என்றால் முன்னால். விகிதம் சரியான பிறகுதான் ஜூம் செய்வதும் ஓரங்களை வெட்டுவதும்.

இடது வலது நகர்வுக்கு இன்னொரு சோதனை: கிட்டத்துக் கட்டட விளிம்புக்கு நேர் பின்னால் கோபுரத்தின் எந்தப் பகுதி தெரிகிறது என்று அட்டையில் பாருங்கள். அதே விளிம்பு அதே இடத்தைத் தொடும்வரை பக்கவாட்டில் நகருங்கள். ஓரடி தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மொபைலை மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள், கோபுரங்கள் உள்நோக்கிச் சாயும். அந்தக் கால ஸ்டாண்டு கேமராவில் லென்ஸை மட்டும் தனியே உயர்த்தலாம், அதனால்தான் பழைய படங்களில் சுவர்கள் நட்டக்குத்தலாக நிற்கின்றன. நாம் மட்டமாகப் பிடித்து, கீழே வரும் வெற்றுத் தரையை வெட்டிவிட வேண்டியதுதான்.

நீதிமன்றம் சாலைக்குத் தெற்கே. அது இடப்பக்கம் வருவதால் கேமரா பாரிமுனைப் பக்கமிருந்து மேற்கு நோக்குகிறது. சாலையிலிருந்து தெரிவது வடக்கு முகப்பு. டிசம்பரில் நிழலில் கிடக்கும். மே, ஜூனில் ஞாயிறு காலை 7 மணிக்குப் போனால் வெயில் முகப்பில் விழும், கூட்டமும் குறைவு. நடுரோட்டில் நிற்க வழியில்லாமல் நடைபாதைக்கு நகர்ந்தால் அதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

டிராம்மணி:
காலம் பற்றி. நீதிமன்றக் கட்டடம் திறந்தது 1892. அதன் உச்சிக் கும்மட்டத்தில் கலங்கரை விளக்கு எரியத் தொடங்கியது 1894. டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. ஆக அட்டை இந்த இடைவெளிக்குள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் (பாரி நிறுவனத்தின் கட்டடம்) தெரிந்தால் 1940-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. தபால் முத்திரையை நம்பி ஏமாற வேண்டாம். அது அனுப்பிய நாள், படம் அதற்குப் பல ஆண்டு முந்தியதாகவும் இருக்கலாம். முதலில் கடைப் பலகை எழுத்தைப் படித்துப் பாருங்கள். தலைகீழ் எழுத்தென்றால் அச்சில் இடவல மாற்றம், மேலே சொன்ன திசைக் கணக்கு முழுதும் பொய்.

பாரிமுனைவாசி:
நன்றி. பலகை எழுத்து நேராகவே இருக்கிறது. ஸ்கேன் செய்தால் புள்ளி புள்ளியாக வருகிறது. ஏஐ கொண்டு தெளிவாக்கி வண்ணம் ஏற்றலாமா?

கண்ணாடித்தகடு:
அவை அச்சுப் புள்ளிகள். 1200 டிபிஐயில், கருப்பு வெள்ளையானாலும் கலரில், டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கும் வகை) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் டிஸ்கிரீன் (அச்சுப் புள்ளிகளை மறைக்கும் வசதி) இருந்தால் அதைப் போட்டு இரண்டாவது பிரதி எடுங்கள், மூலத்தில் கை வைக்காமல். ஏஐ வேண்டவே வேண்டாம் என்பேன். மங்கிய பலகையில் இல்லாத எழுத்தை அதுவாக எழுதிவிடும், பிறகு அதையே ஆதாரமாக யாராவது காட்டுவார்கள்.

டிராம்மணி:
வண்ணம் ஏற்றுவதில் எனக்கு அவ்வளவு கோபமில்லை. படத்தின் மேலேயே "வண்ணம் பின்னர் ஏற்றப்பட்டது" என்று எழுதினால் போதும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். இரண்டையும் ஒட்டிய ஒரே படமாக மட்டும் போடாமல் தனித்தனிக் கோப்பும் கொடுங்கள். உரிமை விஷயம்: இந்தியாவில் புகைப்படத்துக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். டிராம் ஓடும் அட்டை என்றால் அது எப்போதோ முடிந்திருக்கும்.