வியன்னாவிலிருந்து ரயிலேற்றப்பட்ட ஒரு சிறுமியின் தடம்: எங்கே தேடுவது?

ஏட்டுச்சுவடி கேட்டது:
வணக்கம். 1938 டிசம்பரில், நாஜி ஆட்சியிலிருந்து பெற்றோர் இல்லாமல் குழந்தைகளை மட்டும் பிரிட்டனுக்கு அனுப்பிக் காப்பாற்றிய கிண்டர்டிரான்ஸ்போர்ட் ரயிலில் வியன்னாவிலிருந்து இங்கிலாந்து போன ஒரு யூதச் சிறுமியைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுத வேண்டும். கையில் இருப்பது பிறந்தபோது வைத்த பெயர், 1929 என்ற பிறந்த ஆண்டு, ஹார்விச் துறைமுகத்தில் இறங்கிய தகவல், இவ்வளவுதான். பிரிட்டனின் 1939 மக்கள் பதிவேட்டில் அவள் பெயரைக் காணோம். குடியுரிமை அறிவிப்புகள் வரும் லண்டன் கெஜட்டிலும் இல்லை. எங்கே தவறுகிறேன்? பெற்றோர் என்ன ஆனார்கள் என்றும் தெரிய வேண்டும்.

பழுப்புக்காகிதம்:
உங்கள் தேடலில் தவறு இல்லை. அந்தப் பதிவேடு 29 செப்டம்பர் 1939 அன்று எடுத்தது. பிறந்து 100 ஆண்டு ஆகாதவர்களின் வரியைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருப்பார்கள். இறந்ததற்குச் சான்று கொடுத்தால்தான் திறப்பார்கள். வளர்ப்புக் குடும்பத்தின் முகவரி கிடைத்தால் அந்த வீட்டைத் தேடுங்கள். மூடிய வரி ஒன்று இருந்தால் அவளாக இருக்கலாம். உறுதி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கெஜட்டில் பெயர் இல்லாததற்கு இரண்டு காரணம் சொல்லலாம். பெயரை ஆங்கிலப்படுத்தியிருப்பார்கள், அல்லது ஜெர்மன் பெயரில் மேலே இரு புள்ளி வைத்த 'ü' எழுத்து வெறும் 'u' ஆகியிருக்கும். இன்னொன்று பலர் கவனிக்காதது: 1949க்கு முன் பிரிட்டிஷ்காரரை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குத் திருமணத்தோடே குடியுரிமை வந்துவிடும், தனி அறிவிப்பு வராது. ஆகவே திருமணப் பதிவுகளையும் பாருங்கள்.

கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் எச்.ஓ. 396 அட்டைகளைப் பார்க்கச் சொல்வார்கள். அவை எதிரி நாட்டவர் என்று போர்க்கால விசாரணைக்கு வந்த, 16 வயதுக்கு மேற்பட்டவர்களுடையவை. 1939இல் பத்து வயதான பிள்ளைக்கு அங்கே அட்டை இருக்காது.

வடக்குவாசல்:
பெற்றோரைத் தேட வியன்னாவிலிருந்து தொடங்குங்கள். 1938 மே முதல் அங்கிருந்த யூத சமூக அமைப்பு குடும்பத் தலைவர்களிடம் குடிபெயர்வுப் படிவம் வாங்கியது. தொழில், எந்த நாட்டுக்குப் போக முடியும், வெளிநாட்டில் உறவினர் யார் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அப்பாவின் பெயரில் தேட வேண்டும், குழந்தையின் பெயரில் தேடினால் வராது.

பிறகு ஆஸ்திரிய எதிர்ப்பியக்க ஆவண மையத்தின் பலியானோர் பட்டியல், நாஜிக் கொடுமைக்கு ஆளானோரின் ஆவணங்களை வைத்திருக்கும் ஜெர்மனியின் பாட் ஆரோல்சன் காப்பகம், ஜெருசலேமில் யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேமின் பெயர்த்தொகுப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். 1939க்குப் பிந்தைய காகிதங்களில் அம்மா பெயரோடு 'சாரா', அப்பா பெயரோடு 'இஸ்ரேல்' ஒட்டியிருக்கும். நாஜி அரசு கட்டாயமாகச் சேர்த்தவை அவை, உங்கள் கட்டுரையில் அவர்களுடைய சொந்தப் பெயரையே எழுதுங்கள். இறந்த நாள் 8 மே 1945 என்றிருந்தால் நம்பிவிட வேண்டாம். போருக்குப் பின் நீதிமன்றங்கள் சட்டத்துக்காகக் குறித்த தேதியாக அது இருக்கலாம். எந்த நாளில் எந்த வண்டியில் நாடுகடத்தினார்கள் என்பதே உறுதியான செய்தி; வியன்னாவிலிருந்து பல வண்டிகள் மின்ஸ்க் அருகே இருந்த கொலைக்களமான மாலி ட்ரோஸ்டினெட்ஸுக்குப் போயின.

கரையோரம்:
ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கட்டுரைகளில், குழந்தைகளை மீட்டதற்காகப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் நிக்கோலஸ் வின்டன் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். அவர் பெயரோடு வரும் 669 குழந்தைகள் பிராகிலிருந்து வந்தவர்கள், அங்கேயும் டொரீன் வாரினர், ட்ரெவர் சாட்விக் போன்றோர் உழைப்பு உண்டு. வியன்னாவில் யூதர்களின் வெளியேற்றத்தைக் கையாண்ட நாஜி அதிகாரி ஐக்மனை நேரில் சந்தித்து 600 குழந்தைகளுக்கு அனுமதி வாங்கியவர் டச்சுப் பெண்மணி கெர்ட்ரூடா வைஸ்முல்லர். வண்டி 10 டிசம்பர் 1938, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை புறப்பட்டது. சுமார் 500 பேர் இங்கிலாந்துக்கு, 100 பேர் நெதர்லாந்தில். உங்கள் சிறுமி அதில் வந்தாளா, பிந்தைய வண்டியிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அடையாள அட்டை கிடைத்தால் அதுவே உயிர்நாடி. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் அதை வைத்துத்தான் குழந்தைகள் கரையிறங்கினார்கள். புகைப்படம், பிறந்த நாள், பெற்றோர் பெயர், முகவரி எல்லாம் அந்த ஒரு தாளில். பின்புறத்தையும் படம் எடுங்கள், முத்திரைகள் அங்கேயும் இருக்கலாம்.

ஏட்டுச்சுவடி:
மிக்க நன்றி. குழந்தையின் கோப்பு லண்டன் நிவாரண அமைப்பில் இருக்குமா? நானே கேட்கலாமா?

பழுப்புக்காகிதம்:
வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் அமைப்பிடம் பல கோப்புகள் உண்டு. அவற்றை அந்தப் பிள்ளைக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கும்தான் தருவார்கள். முதலில் அவளுடைய பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ அணுகி, அவர்கள் விண்ணப்பிக்கச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். வளர்ப்பு வீட்டில் பட்ட துன்பமும் அதில் எழுதியிருக்கக்கூடும். எதை அச்சில் போடலாம் என்று அவர்களே சொல்லட்டும்.