கத்தரி மத்தியானம் சோர்ந்து விழுகிறது, பின்னேரம் எழும்புகிறது – மணல் வளவில் என்ன பிழை?

வளவுக்காரி (திருக்கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருகோணமலையில், திருக்கடலூர் பக்கம், கடற்கரைக்கு நடந்து போனால் ஐந்து நிமிசம். பின்வளவு ஒரு ஐந்து பேர்ச் வரும், தோண்டத் தோண்ட மணல்தான். 2022 இல் சாமான் தட்டுப்பாடு வந்த நேரம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றார்களே, அப்போது தொடங்கியது. லீவு நின்றுபோனது, தோட்டம் நிற்கவில்லை.

முதல் இரண்டு வருசமும் கத்தரி அள்ளித் தந்தது. பால்கறி வைத்து, பொரித்து, அயலுக்குக் கொடுத்து, கடைசியில் பிள்ளைகள் கத்தரி என்றாலே எழும்பி ஓடும் அளவுக்கு. இந்த முறை சித்திரையில் அதே இடத்தில் 18 கன்று நட்டேன். ஆனி வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆடி பிறந்ததும் காலை பதினொரு மணிக்கே இலையெல்லாம் பிழிந்து போட்ட துணி மாதிரித் தொங்குகிறது. பின்னேரம் தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று தணிந்ததும் மெல்ல எழும்பும், விடியப் போய்ப் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். கீழ் இலை மஞ்சளாகிறது, காய் எலுமிச்சம்பழம் அளவோடு நின்றுவிடுகிறது. எல்லாக் கன்றும் இல்லை, மதில் பக்கம் நிற்கிற ஏழெட்டுத்தான் மோசம்.

விடியவும் பின்னேரமும் கன்றுக்கு ஒரு வாளி தண்ணீர் விடுகிறேன். யூரியா ஒரு கரண்டி போட்டேன், மாற்றம் இல்லை. மருந்துக் கடையில் போய்ச் சொன்னால் முழுவதையும் கேட்காமலே பூஞ்சண மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினார்கள், அடித்தேன், அதிலும் ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீர் வேறு ஆடியில் உவர்க்கத் தொடங்கும், சோப்பு நுரைக்காது. உப்பா, வெயிலா, நோயா என்று யாராவது சொல்லுங்கள். மான் தொல்லையும் இருக்கிறது, அது தனிக் கதை.

தம்பலகாமத்தான்

தங்கச்சி, முதலில் யூரியாவை நிறுத்துங்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்த நேரம் அரை மூட்டை யூரியாவைத் தாலிக்கொடி மாதிரி ஒளித்து வைத்திருந்தவன் நான், எனக்கே யூரியா வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் தண்ணீர் உறிஞ்ச முடியாமல் தவிக்கிற கன்றின் அடியில் அதைக் கொட்டினால் வேர் இன்னும் கருகும்.

இரண்டாவது, மேலே பார்த்து மருந்து தேடாதீர்கள். ஆக மோசமான கன்று ஒன்றைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். பிடித்து இழுக்க வேண்டாம், சின்ன வேரெல்லாம் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிடும், பார்க்க வேண்டியதே அதைத்தான். சுற்றிவர மண்வெட்டியால் வெட்டி மண்ணோடு தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். பிறகு தண்டின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் துண்டு வெட்டி, வெட்டின முனை தண்ணீருக்குள் இருக்கிற மாதிரிக் கண்ணாடிக் கிளாசில் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்திருங்கள். ஐந்து பத்து நிமிசத்துக்குள் வெட்டு வாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பக்ரீரியா வாடல். அதுதான் என்றால் மருந்து கிடையாது, பிடுங்கி எரித்துவிட்டு அந்த இடத்தில் சில வருசத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் மறக்க வேண்டியதுதான்.

ஆனால் எனக்கு அது என்று படவில்லை. பக்ரீரியா வாடல் வந்த கன்று பச்சையாக நிற்கும்போதே சடாரென்று விழும், மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். உங்களுடையது ஒரு மாதமாக விழுந்து விழுந்து எழும்புகிறது. வேரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

கிண்ணியா நானா

நான் சொல்வது உப்பு. சந்தேகமே வேண்டாம்.

எங்கள் பக்கமும் இதே கதைதான். கரையோர மணலில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது, எண்ணெய் மாதிரி. மாரியில் அந்தப் படை தடிப்பாக இருக்கும், ஆடி ஆவணியில் மெலிந்துவிடும். அந்த நேரம் மோட்டரைப் போட்டு மணிக்கணக்கில் இழுத்தால் கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறி வரும். நான் மூன்று வருசத்துக்கு முன் தொட்டி நிரப்புகிறேன் என்று மோட்டரைப் போட்டுவிட்டு லுஹர் தொழுகைக்குப் போய், அப்படியே பள்ளியடியில் நின்று கதைத்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டி வழிந்து ஓடுகிறது, தண்ணீரை வாயில் வைக்க ஏலாது. அந்தக் கிணறு திரும்பத் தெளிய மாரி வர வேண்டியிருந்தது. இப்போது விடிய கால் மணித்தியாலம், பின்னேரம் கால் மணித்தியாலம், அவ்வளவுதான்.

இன்னொன்று, மணலில் ஒரே தடவையில் பத்து லீற்றரை ஊற்றி என்ன பிரயோசனம்? வேர் குடிக்க முதலே கீழே போய்விடும், போட்ட பசளையையும் கூட்டிக்கொண்டு போகும். அதே தண்ணீரை இரண்டு மூன்றாகப் பிரித்து, இலையில் படாமல் அடியில் விடுங்கள். கன்றைச் சுற்றி நாலு விரல் தடிப்புக்குத் தென்னோலையோ வாழைச்சருகோ போட்டு மூடுங்கள், கச்சான் காற்றுக்கு வெறும் மணல் கிடந்தால் அரை நாளில் காய்ந்துவிடும். தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) போடுவதென்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். ஆட்டெருவை மட்டும் குறைக்க வேண்டாம், மக்கினதாக இருக்க வேண்டும்.

மான்களின் அயலவன்

வாடல் விசயம் எனக்குத் தெரியாது, பெரியவர்கள் சொல்லட்டும். மான் என்றால் நான் பத்து வருச அனுபவசாலி. எங்கள் ஊர்ப் பிரட்றிக் கோட்டைக்குள் புள்ளிமானைப் பார்த்துச் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்கிறார்கள், அதே மான் இரவு ஒரு மணிக்கு என் வீட்டு வெண்டியைக் குருத்தோடு கடித்து வைத்துவிட்டுப் போகிறது. பயற்றங்கொடி, வற்றாளைக் கொடி, பசளி எல்லாம் அதற்குப் பிரியாணி. கத்தரியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் தொடும், இலையில் சுணை இருப்பதால் போல. கறிவேப்பிலையை இதுவரை தொடவில்லை.

திருக்கடலூரில் பழைய மீன்வலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதைத் தளர்வாகத் தொங்கவிடாதீர்கள். நான் விட்டேன். ஒரு நாள் விடிய ஒரு ஆண்மான், கொம்பு முளைத்த இளசு, வலையைச் சுருட்டிக்கொண்டு உதறிக்கொண்டு நின்றது. அயல்காரரோடு சேர்ந்து சாக்கைப் போட்டுப் பிடித்து வலையை வெட்டி எடுப்பதற்குள் அதற்கும் எங்களுக்கும் உயிர் போய் வந்தது. கம்பு நட்டு வலையை முறுக்கிக் கட்டுங்கள், ஆறடியாவது வேண்டும், கீழ்ப்பக்கத்தை மண்ணுக்குள் புதையுங்கள்.

வளவுக்காரி (திருக்கடலூர்)

எல்லாருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே செய்தேன். கிளாசில் பால் ஒன்றும் வரவில்லை, அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தேன், மகள் வந்து அம்மா என்ன சோதனை செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஆனால் அண்ணா, வேர்! அலசி எடுத்தால் மெல்லிசு வேர் என்று ஒன்றுமே இல்லை. வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, உருத்திராட்சம் கோத்த மாதிரி. சிலது கடுகு அளவு, சிலது இரண்டு மூன்று சேர்ந்து இஞ்சித் துண்டு மாதிரிப் பருத்திருக்கிறது. தொட்டுப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. பயந்துபோய்ப் பக்கத்தில் நின்ற பயற்றையையும் ஒன்று கிளப்பினேன், அதிலும் உருண்டை உருண்டையாக இருக்கிறது. வளவு முழுக்கப் போய்விட்டதா? நல்லாய் நிற்கிற கத்தரி ஒன்றையும் பார்த்தேன், அதில் முடிச்சு இருக்கிறது, ஆனால் குறைவு.

தம்பலகாமத்தான்

அதுதான். வேர்முடிச்சு நெமற்றோடு. கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள் போய் இருந்து முடிச்சை உண்டாக்கும். மணல் மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். வேர் அடைபட்டுப்போவதால் நீங்கள் எத்தனை வாளி ஊற்றினாலும் கன்று தாகத்தோடுதான் நிற்கும், வெயிலும் காற்றும் ஏறும் நேரம் தொங்கும். பூஞ்சண மருந்து அதற்கு ஒன்றும் செய்யாது.

பயற்றையைப் பார்த்துப் பயப்பட முதல் ஒரு வேலை செய்யுங்கள். அந்த உருண்டையை நகத்தால் தட்டுங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்து தட்டினதும் கழன்று விழுந்தால், நசுக்கிப் பார்க்க உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது நல்ல உருண்டை, காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துத் தருகிற பக்ரீரியா இருக்கிற வீடு. வேரே வீங்கி, கழற்ற முடியாமல் இருந்தால்தான் இந்தப் புழு. என் மச்சான் ஒருவன் இது தெரியாமல் ஒரு பாத்தி பயற்றையை முழுவதுமாகப் பிடுங்கிப்போட்டு எரித்தவன், இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் போய்விடுவான்.

ஒரு கேள்வி. விதை போட்டு நீங்களே நாற்று எடுத்தீர்களா, வாங்கினீர்களா?

வளவுக்காரி (திருக்கடலூர்)

தட்டினேன், கழன்று விழுந்தது, உள்ளே இளஞ்சிவப்பு! அப்பாடா.

நாற்று விசயம்... இந்த முறைதான் வாங்கினேன். வழியில் ஒரு இடத்தில் கறுப்புப் பையில் வைத்து விற்றார்கள், எட்டுக் கன்று. மதில் பக்கம் நட்டது அதைத்தான். எழுதும்போதுதான் எனக்கே விளங்குகிறது.

தம்பலகாமத்தான்

விளங்கினால் சரி. பை மண்ணோடு வந்திருக்கும். அதோடு மூன்று வருசமாக ஒரே இடத்தில் கத்தரி, வந்த விருந்தாளிக்குப் பாய் விரித்த மாதிரி.

இனி அந்தக் கன்றுகளில் காய் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். வேரோடு எடுத்து எரியுங்கள், கூட்டெருக் கிடங்குக்குள் போடவே கூடாது. அங்கே வெட்டின மண்வெட்டியைக் கழுவாமல் மற்றப் பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள். பிறகு மண்ணைக் கிளறி நல்லாய்த் தண்ணீர் விட்டு, மெல்லிய நிறமில்லாத பொலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரத்தைப் புதைத்து நாலு தொடக்கம் ஆறு கிழமை விடுங்கள். கறுப்புப் பொலித்தீன் அந்த அளவுக்குச் சூடாக்காது. எங்கள் ஆடி ஆவணி வெயில் வேறு எதற்கு இருக்கிறது? முழுதாக அழியாது, ஆழத்தில் இருக்கிறது திரும்ப வரும், ஆனாலும் பாதிச் சுமை இறங்கும். நடும்போது குழிக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் மக்கின எருவும்.

மழை தொடங்கியதும் அந்த இடத்தில் கத்தரி வேண்டாம், தக்காளி, வெண்டி, புடோல், பாகல் ஒன்றும் வேண்டாம், எல்லாம் அந்தப் புழுவுக்குப் பிடித்தது. கச்சான் (நிலக்கடலை) போடுங்கள், பொதுவாக அதில் இது அவ்வளவாக ஏறாது, மணலும் அதற்கு வாய்ப்பு. எள்ளும் போடலாம், ஆனால் அது சிறுபோகத்துக்கு. சந்தேகம் என்றால் வேரை ஒரு பையில் போட்டுக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

கன்னியா அக்கா

மேரிகோல்ட் நட்டால் புழு போய்விடும் என்று யாராவது சொல்ல வருவீர்கள், அதுதான் முந்திக்கொள்கிறேன். ஓரத்தில் அழகுக்கு நாலு நட்டு ஒன்றும் நடக்காது, நானே நட்டு ஏமாந்தவள். பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் அது மட்டும் நிற்க வேண்டும். கோயில் மாலைக்குப் பூவாவது கிடைக்கும்.

தங்கச்சி, கத்தரி இல்லாமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரிகிறது. பையில் நடுங்கள், வெளியிலிருந்து சுத்தமான மண் கொண்டுவந்து, கருக்கின உமியும் எருவும் கலந்து. உரப்பை ஒரு வெயிலுக்குப் பொடியாகிவிடும், பழைய வாளி, பெயின்ற் வாளி என்றால் நிற்கும். அடியில் ஓட்டை போட்டு, மணலில் நேரே வைக்காமல் இரண்டு கல்லுக்கு மேல் வையுங்கள், இல்லாவிட்டால் வேர் ஓட்டையால் இறங்கிப் போய்ப் பழைய புழுவோடு உறவாடும். புரட்டாசியில் நாற்றுப் போட்டால் மழைக்கு நட அளவாக இருக்கும்.

கிண்ணியா நானா

சரி, உப்பு இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோட்டர் விசயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

கச்சான் விதை வேண்டுமென்றால் சொல்லுங்கள் தங்கச்சி, வீட்டில் கோதோடு எடுத்து வைத்தது இருக்கிறது. கடையில் வறுக்க விற்கிற பருப்பை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், தோல் உரிந்தது பாதி முளைக்காது.

வளவுக்காரி (திருக்கடலூர்)

நானா, கட்டாயம் வேண்டும். ஒரு கிலோ போதும்.

முந்தநாள் கன்றெல்லாம் எரித்துப் பொலித்தீன் விரித்தாயிற்று. முதல் நாளே கச்சான் காற்று ஒரு பக்கத்தைத் தூக்கி அடுத்த வீட்டுக் கொடியில் கொண்டுபோய்ப் போட்டது, அவர்கள் உடுப்பு என்று நினைத்து மடித்துக் கொண்டுவந்து தந்தார்கள். இப்போது ஓரத்தைச் சுற்றி ஒரு முழம் மணல் போட்டு, மேலே தென்னமட்டை அடுக்கியிருக்கிறேன். உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகப் பிடித்திருக்கிறது, கையை வைத்தால் சுடுகிறது.

இன்றைக்கு விடியப் பார்த்தால் நடுவில் வரிசையாக ஒன்பது குளம்புத் துளை. வலையை மற்றப் பாத்திக்குத்தான் கட்டியிருந்தேன், வெறும் பொலித்தீனில் மானுக்கு என்ன வேலை என்று நினைத்துவிட்டேன். இந்தச் சூட்டுக்குக் கழலாமல் நிற்கிற டேப் எது என்று யாருக்காவது தெரியுமா?