குடும்பப் பெயர் மூட்லி. கப்பல் பட்டியலில் வெறும் முனிசாமி. எதை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பது?

வெருலம்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பப் பெயர் மூட்லி. பூட்டனார் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். கையில் இருப்பது மூன்று காகிதம்: ஒன்று, அவருடைய இறப்பு அறிவிப்பு, அதில் பிறந்த ஊர் 'மெட்ராஸ்'; இரண்டு, தாத்தாவின் கல்யாணப் பதிவு, அதில் தகப்பன் பெயர் 'முனிசாமி', ஓரத்தில் பேனாவால் ஓர் ஐந்து இலக்க எண்; மூன்று, இங்குள்ள உள்துறை கொடுத்த கம்ப்யூட்டர் பிறப்புச் சான்றிதழ். கப்பல் பட்டியலில் மூட்லி என்று தேடினால் எங்கள் ஆள் இல்லை. முனிசாமி என்று தேடினால் முடிவே இல்லாமல் வருகிறது. தாத்தாவின் கூடப்பிறந்த தம்பி பிள்ளைகள் 'முன்சாமி' என்றே போடுகிறார்கள். இதில் எது நிஜப் பெயர்? கிராமம் வரை போக வழி உண்டா? ஸ்காட்லாந்துக்காரர்கள் காம்ப்பெல், மெக்கிரெகர் என்ற பெயரை வைத்தே இருநூறு முந்நூறு வருடம் பின்னால் போய்விடுகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இப்படி?

மாரிட்ஸ்பர்க் ஏடு:
மூட்லியைத் தேடுவதை நிறுத்துங்கள், ஐயா. ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணைப் பிடியுங்கள். அது அநேகமாகக் காலனி எண், அதாவது ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் நேட்டாலில் கொடுத்த பதிவு எண். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். மெட்ராஸ் கப்பல், கல்கத்தா கப்பல் என்று பிரிக்காமல் எண் ஒரே வரிசையாக ஓடும். 1866-இல் ஆள் எடுப்பது நின்றுபோய் 1874-இல்தான் மறுபடி தொடங்கியது. முதல் கட்டத்தில் வந்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆகவே ஐந்து இலக்கம் என்றாலே உங்கள் பூட்டனார் 1874-க்குப் பிறகு வந்தவர். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கு இந்த எண்ணே கிடையாது, பட்டியலிலும் இருக்க மாட்டார்கள்.

கப்பல் பட்டியலில் குடும்பப் பெயருக்குக் கட்டமே இல்லை. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், இவ்வளவுதான். 'இடது முழங்காலில் தழும்பு' என்பதுகூட இருக்கும், மூட்லி இருக்காது. டர்பன் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள பல்கலைக்கழக ஆவண மையத்தில் எண்ணைச் சொன்னால் போதும். பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் ஒரு நாள் முழுக்க முனிசாமிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எண்ணிலும் கோளாறு வரும். பழைய கையெழுத்தில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம், 4-ம் 9-ம் ஒன்றுபோலத் தெரியும். கிடைத்த வரியில் வயது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கல்யாண நாளில் மகனுக்கு என்ன வயது, அப்போது தகப்பனுக்கு என்ன வயது இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் தப்பான ஆள் உடனே கழன்றுவிடுவார். முக்கியமான இன்னொன்று: முன்னும் பின்னும் பத்து வரி படியுங்கள். குடும்பமாக ஏறியவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண், கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு. பூட்டி பெயர் பக்கத்து வரியிலேயே நின்றால் அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெயரை வைத்துத்தான் தேட முடியும் என்ற நிலை வந்தால் எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். 'வ' ஒரு குமாஸ்தாவுக்கு வி, இன்னொருவருக்கு டபிள்யூ. எல்லப்பன் 'ஒய்'யில் தொடங்குவார். குப்புசாமி கே-யிலும் இருப்பார், சி-யிலும் இருப்பார். முனிசாமிக்கு யு ஒன்று, இரட்டை ஓ ஒன்று, கடைசியில் 'சாமி'க்கு டபிள்யூ சேர்த்த எழுத்து ஒன்று. மூட்லியும் அப்படித்தான்: முதலி, முதலியார் இங்கிலீஷ் காதில் விழுந்து வந்த எழுத்து. முடலி என்று எழுதுகிறவர்களும் அதே பெயர்க்காரர்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் இப்படியே.

அண்ணன் மூட்லி, தம்பி முன்சாமி என்பது நேட்டாலில் சர்வ சாதாரணம். கல்யாணப் பதிவு, பிள்ளையின் பிறப்பு, நிலம் வாங்குவது, வியாபார லைசென்ஸ் என்று எங்கே போனாலும் 'சர்நேம் என்ன' என்ற கேள்வி. ஒருவர் பட்டத்தைச் சொன்னார், ஒருவர் தகப்பன் பெயரைச் சொன்னார். எழுதியது எழுதியபடி பிள்ளைகளுக்கு இறங்கியது. இரண்டுமே நிஜப் பெயர்தான். தேடலுக்கு உதவுவது தம்பி வழியின் முன்சாமி, ஏனென்றால் அதில்தான் பூட்டனார் இருக்கிறார்.

டால்ஹவுசி:
ஸ்காட்லாந்துப் பெயர்கள் அவ்வளவு நேரான கோடு இல்லை, அண்ணே. அங்கே சௌகரியமாக இருப்பது பதிவேடு. 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அரசாங்கப் பதிவு. அதற்கு முன்னால் பழைய திருச்சபைப் பதிவேடுகள். அந்த முதல் வருடம் 1855-இல் கேட்ட விவரங்கள் மற்ற வருடங்களைவிட அதிகம், பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்பது வரை. எழுதுகிறவர்களுக்குக் கை வலித்ததோ என்னவோ, அடுத்த வருடமே பாதியைக் குறைத்துவிட்டார்கள்.

பெயரை மட்டும் நம்பினால் அங்கேயும் வழுக்கும். மலைநாட்டில் குலத்தலைவர் காம்ப்பெல் என்றால் அவர் நிலத்தில் இருந்தவர்களும் காம்ப்பெல் என்று போட்டுக்கொண்டார்கள், ரத்த உறவு வேண்டியதில்லை. 1603-இல் மெக்கிரெகர் என்ற பெயரை வைத்துக்கொள்வதே சட்டப்படி குற்றம் ஆனது. 1661-இல் தடையை நீக்கி, 1693-இல் மறுபடி போட்டு, 1774-இல்தான் ஒரேயடியாக எடுத்தார்கள். இடையில் அந்தக் குலத்தார் காம்ப்பெல், டிரம்மண்ட், கிரஹாம் என்று கிடைத்த பெயரில் நடமாடினார்கள். பேர்பெற்ற ராப் ராய் மெக்கிரெகரே தாய்வீட்டுப் பெயரான காம்ப்பெல்லைப் போட்டுக்கொண்டவர்தான். வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டு வரை தகப்பன் பெயரோடு 'சன்' சேர்த்துத் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. நம் முனிசாமி மகன் கதைக்கு அதுதான் கிட்ட வரும்.

இதே எச்சரிக்கை மூட்லிக்கும் பொருந்தும். பட்டத்தைப் பார்த்துச் சாதியை முடிவுகட்டி, அந்தச் சாதி இருக்கும் ஊர்களில் தேடக் கிளம்பாதீர்கள். முதலியார் என்ற பட்டம் துளுவ வேளாளர், செங்குந்தர், அகமுடையார் என்று பலருக்கும் உண்டு. இங்கே வந்த பிறகு பட்டம் சேர்த்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பட்டியலின் சாதிக் கட்டத்தையும் அளவோடு நம்புங்கள். ஆரம்பக் கப்பல்களில் தமிழரை 'மலபார்' என்றும் தெலுங்கரை 'ஜென்டூ' என்றும் எழுதி முடித்துவிட்டார்கள்.

வெருலம்வாசி:
எண்ணை வைத்து வரி கிடைத்துவிட்டது, நன்றி ஐயா. வயது சரியாக இருக்கிறது, அடுத்த எண் பூட்டி. ஜில்லா 'நார்த் ஆர்க்காட்', தாணா 'வாண்டிவாஷ்', கிராமத்தின் பெயர் பாதிதான் படிக்க முடிகிறது. இறப்பு அறிவிப்பில் மெட்ராஸ் என்று இருப்பது?

லெனேசியா செல்வி:
தம்பி, அந்த மெட்ராஸைத் தள்ளிவையுங்கள். இறப்பு அறிவிப்பை நிரப்பிக் கையெழுத்துப் போட்டது மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ. அவர்களுக்குத் தெரிந்தது கப்பல் ஏறிய துறைமுகம். கப்பல் பட்டியலில் இருப்பது அவர் வாயாலேயே சொன்னது, அதற்குத்தான் மதிப்பு.

வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி. இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. ஜில்லாவைப் பார்க்கும்போது அன்றைய எல்லையை வைத்துப் பாருங்கள், பலர் தடுமாறுவது இங்கேதான். பழைய வட ஆர்க்காட்டில் சித்தூர், சந்திரகிரி எல்லாம் அடக்கம். 1911-இல் சித்தூர் ஜில்லா பிரிந்து இன்று ஆந்திராவில் இருக்கிறது. திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென் ஆர்க்காடு. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா, பிறகு திருச்சி. 'ஆர்னீ' என்று கண்டால் ஆரணி, 'காஞ்சீவரம்' என்றால் காஞ்சிபுரம்.

பாதி கிராமப் பெயருக்கு: வந்தவாசி தாலுகாவின் வருவாய்க் கிராமப் பட்டியலை எடுத்து, படிக்க முடிகிற எழுத்துகளோடு சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள். கண்ணை விடக் காது சீக்கிரம் பிடிக்கும். பாக்கம், நல்லூர், குப்பம் போன்ற வால் தெரிந்தாலே பட்டியல் பாதியாகிவிடும். ஒரே பெயரில் இரண்டு மூன்று கிராமம் வந்தால் குலதெய்வத்தைக் கேளுங்கள். வீட்டில் இன்னும் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களா, மேல்மலையனூர் அங்காளம்மன் பெயரைச் சொல்கிறார்களா? இதெல்லாம் ஆதாரம் ஆகாது, ஆனால் எந்தக் கிராமத்துக்கு முதலில் போவது என்று சொல்லும். அங்கே போய் மூட்லி வீடு என்று கேட்காதீர்கள். பூட்டனாரின் தகப்பன் பெயரையும் குலதெய்வத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

மாரிட்ஸ்பர்க் ஏடு:
இன்னும் இரண்டு விஷயம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தை இணையத்திலேயே தேடலாம், தொகுப்பு 'என்.ஏ.பி.' (NAB) என்று குறியுங்கள். இந்தியக் குடியேறிகள் துறைக் கோப்புகளுக்கு மூலக் குறி 'ஐ.ஐ.' (II), இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளுக்கு 'எம்.எஸ்.சி.இ.' (MSCE). பெயரோடு காலனி எண்ணையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். சம்பளத் தகராறு, வேலை மாற்றம், ஊர் திரும்ப மனு என்று கோப்புத் தலைப்பிலேயே சில சமயம் எண் இருக்கும்.

அடுத்தது அந்தக் கம்ப்யூட்டர் பிறப்புச் சான்றிதழ். சுருக்கச் சான்றிதழ் என்றால் அதில் பெற்றோர் பெயர் இருக்காது. உள்துறையில் 'வால்ட் காப்பி' என்றே சொல்லிக் கேளுங்கள், மூலப் பதிவேட்டின் கையெழுத்துப் பக்கத்தை நகல் எடுத்துத் தருவார்கள். வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் பூட்டனார் முதல் உங்கள் வரை ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்பு அல்லது கல்யாணப் பதிவு வேண்டும். முனிசாமி எந்த இடத்தில் மூட்லி ஆனார் என்று காட்டுகிற பதிவு உங்களுக்குத் தாத்தாவின் கல்யாணப் பதிவுதான். அதன் ஓரக் குறிப்பும் எண்ணும் தெரியும்படி முழுப் பக்கமாக நகல் எடுங்கள். ஓரத்தை வெட்டிக் கொடுத்தால் இரண்டு பெயரையும் சேர்த்துக் காட்டும் சாட்சி போய்விடும்.