சோலை மரம் வளர்த்தவர்கள் பேசுகிறோம்

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

சோலை என்று நாங்கள் சொல்வது உயரமான மலைகளில் இருக்கும் பசுமைமாறாக் காட்டை. எங்கள் ஊர் லாங்வுட் சோலையைப் பார்க்காதவர்கள் ஒரு கோடையில் வந்து பாருங்கள். வெளியே தேயிலைச் சரிவுகள் வெயிலில் வாடிக் கிடக்கும். உள்ளே ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். மொத்தமே 116 ஹெக்டேர்தான். சுற்றுவட்டார கிராமங்கள் குடிநீருக்கு இந்தக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024-இல் இது சேர்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மரத்தண்டில் பாசி, தரையில் மக்கிய இலை, அதற்கடியில் கறுத்த மண். பெய்த மழையெல்லாம் அங்கே தங்கி, மெல்ல மெல்ல இறங்குகிறது.

வீட்டுக்குப் பின்னால் சிறிய நாற்றங்கால் வைத்திருக்கிறேன். சோலை மர விதை கடையில் கிடைக்காது. அனுமதி பெற்று, மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கித்தான் சேர்க்க வேண்டும். காட்டு நாவல் விதை காய்ந்தால் போயிற்று. எடுத்த கையோடு ஊன்றிவிட வேண்டும். காட்டுச் செண்பகத்தின் காய் வெடித்தால் சிவப்புச் சதை மூடிய விதை தெரியும். அந்தச் சதையை மணலோடு தேய்த்துக் கழுவிவிட்டு ஊன்றுகிறேன். விக்கி மரம்தான் பொறுமையைச் சோதிப்பது. ருத்திராட்சத்தின் உறவு அது, கொட்டை கல்போல இருக்கும். மாதக்கணக்கில் பையில் எந்த அசைவும் தெரியாது. பிறகு ஒருநாள் மண் லேசாக வெடித்து, வளைந்த தண்டு ஒன்று தலைதூக்கும். அந்த நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. மரம் நடும் விழா என்று அழைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் வரிசையாகச் சில்வர் ஓக் கன்றுகள். அது ஆஸ்திரேலிய மரம். சீகை என்று நாங்கள் சொல்லும் வாட்டில் மரமும், கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸும் அங்கிருந்து வந்தவைதான். பச்சையாக எது நின்றாலும் காடுதான் என்று நினைத்து நினைத்தே இந்த மலையில் சோலையை இழந்தோம்.

கொடைக்கானலிலிருந்து ஓர் உறுப்பினர்:

அம்மா, விக்கி என்றதும் எழுதத் தோன்றியது. அந்த இனத்திலேயே பழனி மலைக்கு மட்டும் உரிய மரம் ஒன்று உண்டு. எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்பது தாவரவியல் பெயர். அழிவின் விளிம்பில் இருக்கிறது. நண்பர் ஒருவரின் தோட்டத்தில் அதன் கன்றை முதன்முதலாகப் பார்த்தேன், முழங்கால் உயரம்கூட இல்லை. உலகில் வேறெந்த மலையிலும் தானாக வளராத மரம் என்று தெரிந்தபின் அதைத் தொடக்கூடக் கை தயங்கியது. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம் சோலைக் கன்றுகளை வளர்த்துக் காட்டியவர்களுக்கு இந்த மலை கடன்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்நிய மரத்தை ஒரேயடியாக வெட்டிச் சாய்த்தால் சோலை திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பைன் தோப்புக்குள் குனிந்து பாருங்கள்: நிழலில் நாவலும் காட்டுக் கருவாவும் தாமாகவே முளைத்து நிற்கும். பழம் தின்னும் பறவைகள் போட்ட விதைகள் அவை. எல்லாவற்றையும் வெட்டி வெயில் விழவிட்டால், மண்ணுக்குள் பல காலமாகக் கிடக்கும் சீகை விதைகள் புல்போல முளைத்து அந்தக் கன்றுகளை அமுக்கிவிடும். அங்கங்கே கிளை கழித்து, சிறிது சிறிதாக வெளிச்சம் கொடுப்பதே சரி.

ஊட்டியிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவரும் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்வத்தில் யாரும் மலைப் புல்வெளியில் கன்று நட்டுவிடாதீர்கள்! புல்வெளி வெற்றிடம் அல்ல. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். மழைநீரைப் பிடித்து வைப்பதில் சோலைக்குப் புல்வெளியும் துணை. திறந்த வெளியில் சோலைக் கன்றுகளை ஜனவரி உறைபனி கருக்கிவிடும். பனியையும் காட்டுத்தீயையும் தாங்கித் தனியாக நிற்பது காட்டுப் பூவரசு. தடித்த பட்டைதான் அதற்குக் கவசம்.

சோலையின் ஓரம், ஓடைக்கரை, கைவிட்ட தேயிலை நிலம், வீட்டுத் தோட்டம்: இங்கெல்லாம் தாராளமாக நடலாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் காட்டெருமை மிதிக்காமல் வேலி தேவைப்படும்.

கோத்தகிரி அம்மா, விக்கிக் கன்று மிச்சம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் எடுத்துவையுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி மழைக்கு நடுவீர்கள். எங்களுக்கு ஜூன் மழைதான் தோது. மே மாதக் கடைசியில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.